சுங்கை சிப்புட்டில் பல்கலைக்கழக அறிவியல் நாள்: செம்பனை வண்டும் கித்தாப்பாலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பீடம் அரைநாள் அறிவியல் நிகழ்ச்சி ஒன்றை இலவசமாக நடத்தித் தருகிறது. நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 60 பேர் வரை கலந்துகொள்ளலாம். விரிவுரையாளர்கள் 2 பேரும் பல்கலைக்கழக மாணவர்கள் 12 பேரும் பொருள்களோடு வேனில் வருகிறார்கள். பள்ளி தர வேண்டியது மண்டபம், 4 நீள மேசைகள், தண்ணீர்க் குழாய் உள்ள ஓர் இடம், பெற்றோரின் ஒப்புதல் கடிதங்கள். 15 பேர் கொண்ட 4 குழுக்கள் தலா 40 நிமிடம் ஒவ்வொரு மேசைக்கும் போய் வருகின்றன. காலை 8 மணிக்குத் தொடங்கினால் 12 மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவர்கள் அனுப்பும் துண்டறிக்கையில் "உங்கள் சுற்றுப்புறமே ஆய்வுக்கூடம்" என்று இருக்கிறது. இந்த வரியை அளவுகோலாக வைத்தே நிகழ்ச்சியைப் பார்த்தோம். 4 மேசைகளில் 2 அந்த வாக்கைக் காப்பாற்றின. ஒன்று பாதி வழியில் நின்றது. ஒன்று முற்றிலும் தவறியது. தவறியது எதுவென்றால் கித்தாப்பால், அதாவது இரப்பர் மரப்பால், மேசை. இந்த ஊரில் அப்படி நடந்தது மனத்துக்கு மிகவும் வருத்தம் தந்தது, ஏனென்றால் எல்லா மேசைகளிலும் எளிதாக வெற்றி பெற்றிருக்க வேண்டியது அதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். செம்பனை (எண்ணெய்ப்பனை) மேசைக்காக மட்டுமே இந்தக் குழுவை அழைக்கலாம்.

குழுவினர் ஒரு வாரம் முன்பே வந்து, தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பள்ளியிலிருந்து 10 நிமிட நடையில் உள்ள இளஞ்செம்பனைப் பகுதியில் பூக்கும் நிலையில் இருந்த ஆண் பூக்களை அடையாளம் வைத்துப் போயிருந்தார்கள். இந்த முன்வேலைதான் அந்த மேசையின் வெற்றிக்குக் காரணம். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில், ஆனால் வெவ்வேறு காலத்தில் வருகின்றன. ஆண் பூ மலர்ந்திருப்பது சில நாள்தான். அந்த நாள்களில் சோம்பு வாசனை வீசும், பழுப்புநிறச் சிறுவண்டுகள் மொய்க்கும். ஒரு வாரம் தாமதித்தால் காய்ந்த கதிர்தான் கிடைக்கும். நாளைக் குறித்துவிட்டுப் பூவைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே. ஆகவே, வெவ்வேறு வளர்ச்சி நிலையில் 5 அல்லது 6 ஆண் பூக்களைக் குறித்து வைக்க வேண்டும். குழுவினர் அப்படியே செய்திருந்தார்கள்.

எண்ணும் முறை இது. ஆண் பூவில் விரல் போன்ற கதிர்கள் 100க்கு மேல் இருக்கும். மேல், நடு, அடி என்று 3 இடங்களில் ஒவ்வொரு கதிரைத் தேர்ந்து, நெகிழிப் பையைக் கதிர்மேல் சட்டென்று போர்த்தி, அடியை இறுகப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே கத்தரியால் வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பையில் போட்டால் கதிர் அதிர்ந்து பாதி வண்டுகள் பறந்துவிடும். முதல் குழுவில் அப்படித்தான் ஆனது. மட்டையின் அடிப்பகுதி முழுக்க முள் என்பதால் இந்த வேலையைப் பெரியவர்கள் தடித்த கையுறையோடு செய்வதே சரி. வெட்டிய பைகளைச் சிற்றுண்டிச்சாலையின் உறைபெட்டியில் 20 நிமிடம் வைத்தால் வண்டுகள் அசைவற்றுப் போகும். பிறகு வெள்ளைத்தாளில் கொட்டி, பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணலாம். 3 கதிர்களில் 42, 57, 36 என்று வந்தால் சராசரி 45. அந்தப் பூவில் 150 கதிர் இருந்தால் மொத்தம் ஏறத்தாழ 6,750 வண்டுகள். நான்காம் ஆண்டு மாணவருக்குப் பெருக்கலும் சராசரியும் எதற்கு என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 3 கதிரிலும் ஒரே எண் வராதது ஏன் என்று ஒரு மாணவி கேட்டபோது, துணைவிரிவுரையாளர் உடனே பதில் சொல்லிவிடாமல் பூவின் அடியும் நுனியும் ஒரே நாளில் மலர்ந்தனவா என்று போய்ப் பார்க்கச் சொன்னார். நல்ல ஆசிரியருக்கு அடையாளம் அது.

வண்டின் கதையும் சொல்லத்தக்கது. செம்பனை ஆப்பிரிக்க மரம். மலாயாவில் வணிக அளவில் முதலில் நடப்பட்டது 1917இல், கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். மரம் வந்தது, அதன் மகரந்தத்தைச் சுமக்கும் வண்டு வரவில்லை. அதனால் பல பத்தாண்டுகள் தோட்டத் தொழிலாளர்கள் பூப்பூவாகப் போய் மகரந்தத் தூளை ஊதிவிட்டார்கள். 1981இல் காமரூன் நாட்டிலிருந்து எலாயிடோபியஸ் காமருனிக்கஸ் என்ற இந்த வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகே அந்த வேலை ஓய்ந்தது, காய்ப்பும் கூடியது. மாணவர் வெள்ளைத்தாளில் எண்ணும் 3 மில்லிமீட்டர் பூச்சி ஒரு நாட்டின் தொழிலையே மாற்றியது என்பதை அவர்கள் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அந்தத் தூள் ஊதும் வேலையைச் செய்தவர்கள் இன்னும் பல குடும்பங்களில் தாத்தா பாட்டியாக இருக்கிறார்கள். வீட்டில் விசாரித்து வரும்படி ஒரு கேள்வியைப் பயிற்சித்தாளில் சேர்த்திருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும்.

அதே மேசையில் பழத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டியதும் பயனுள்ளது. கொட்டையின் ஓடு தடித்திருந்தால் டூரா, ஓடே இல்லையென்றால் பிசிஃபெரா, இரண்டும் கலந்து பிறந்த மெல்லிய ஓட்டுக்காரன் டெனெரா. தோட்டங்களில் இன்று நடப்படுவது டெனெரா. சதையில் ஒரு எண்ணெய், உள்பருப்பில் வேறு எண்ணெய் என்பதைக் காட்ட இரண்டையும் தனித்தனியே தாளில் தேய்த்துப் பார்த்தார்கள். சதை ஆரஞ்சுக் கறையை விட்டது, பருப்பு நிறமற்ற எண்ணெய்க் கறையை விட்டது. ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் கரோட்டின், காரட்டில் உள்ள அதே பொருள்.

ஒரே ஒரு குறை. மண்டபத்தில் இந்தப் பகுதியைத் தொடங்கியபோது திரையில் ஓடியது சூரியகாந்தியும் தேனீயும். ஜன்னலுக்கு வெளியே செம்பனை நிற்கும்போது அந்தப் படம் தேவையில்லை.

மட்டை எண்ணும் வேலையையும் இவர்கள் சேர்க்கலாம். செம்பனை மட்டைகள் சுருள் வரிசையில் முளைக்கின்றன. முழுதாக விரிந்த மிக இளைய மட்டையை 1 என்று வைத்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ ஒரே வரிசையில் சற்று ஒதுங்கி வருவது 9ஆவது, அதற்கும் கீழே 17ஆவது, பிறகு 25ஆவது. எட்டெட்டாகக் கூடும். உரம் எவ்வளவு போட வேண்டும் என்று கணிக்கத் தோட்டங்களில் இலை எடுப்பது இந்த 17ஆவது மட்டையிலிருந்துதான். சில மரங்களில் சுருள் இடப்பக்கம் இறங்கும், சிலவற்றில் வலப்பக்கம். 3 அல்லது 4 வயதுள்ள குட்டை மரத்தில், ஒரு நிற நாடாவும் எண் எழுதிய அட்டைகளும் இருந்தால் 20 நிமிடத்தில் முடித்துவிடலாம். செலவு ஒன்றும் இல்லை.

இனி கித்தாப்பால் மேசை.

குழுவினர் பாலை நகரத்திலிருந்து ஒரு புட்டியில் கொண்டு வந்தார்கள். அது கையுறைத் தொழிற்சாலைகள் வாங்கும் செறிவூட்டிய பால். ரப்பர் 60 விழுக்காடு, கெடாமலிருக்க அமோனியா 0.7 விழுக்காடு. மூடியைத் திறந்ததும் முன்வரிசை மாணவர்களுக்குக் கண் எரிந்தது. பிறகு 50 மில்லி பாலில் ஒரு மேசைக்கரண்டி வினிகரை ஊற்றிக் கலக்கினார்கள். உறையவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றியும் அங்கங்கே திரிந்ததே தவிரக் கட்டியாகவில்லை. வினிகர் பழையது என்று விளக்கம் சொல்லப்பட்டது. அது சரியான விளக்கம் அல்ல. 50 மில்லியில் அமோனியா ஏறக்குறைய 0.35 கிராம் இருக்கும். அதைச் சமன் செய்வதற்கே 5 விழுக்காட்டு வினிகர் 25 மில்லி தேவை. அதற்கு மேல் ஊற்றும் வினிகர்தான் பாலை உறைய வைக்கும் வேலையைத் தொடங்கும். மாணவர்கள் பார்க்க வேண்டிய மாற்றம் கண்முன் நடக்கவில்லை, அவர்களுக்குக் கிடைத்த காரணமும் தவறு.

இத்தனைக்கும் பள்ளியைச் சுற்றிச் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் பால்மரம் வெட்டுகிறார்கள். காலை 9 மணிக்கு மங்கிலிருந்து (மரத்தில் பால் சேரும் கிண்ணம்) சேர்த்த புதுப்பால் அரை லிட்டர் இருந்தால் 60 பேருக்கும் போதும். மூவருக்கு ஒரு கிண்ணம் என்று 20 கிண்ணம், ஒவ்வொன்றிலும் 25 மில்லி. பாலைத் தேநீர் வடிகட்டியில் வடித்து, அதே அளவு தண்ணீர் சேர்த்து, ஒரு தேக்கரண்டி வினிகரை ஊற்றி மெல்லக் கிளறினால் சில நிமிடத்தில் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து உருட்டினால் துள்ளும் பந்து. புதுப்பாலில் ரப்பர் 30 முதல் 40 விழுக்காடு. மிக நுண்ணிய ரப்பர் துளிகள் ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலாக மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தை அகற்றியதும் துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. அமோனியா அதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நகரத்துப் புட்டிகூட நல்ல பாடமாகியிருக்கும்: ஒரு கிண்ணத்தில் புதுப்பால், பக்கத்துக் கிண்ணத்தில் அமோனியாப் பால், இரண்டுக்கும் ஒரே அளவு வினிகர். எது உறைகிறது, எது உறையவில்லை, ஏன்?

மூன்றாவது கிண்ணம் ஒன்றையும் வைக்கலாம். அதில் எதையும் ஊற்றாமல் மூடாமல் மறுநாள் காலைவரை விட்டுவிட வேண்டும். தானாக உறைந்திருக்கும். பாலில் உள்ள சர்க்கரையையும் புரதத்தையும் பாக்டீரியா தின்று அமிலத்தை உண்டாக்குவதே காரணம். கட்டிப்பால் லாரி சடக்கில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளாத பிள்ளை இந்த ஊரில் இல்லை. அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்தக் கிண்ணமே பதில்.

பால்மரத்தை ஏன் விடியுமுன் வெட்டுகிறார்கள் என்ற கேள்வியும் இங்கே எழ வேண்டும். மரப்பட்டைக்குள் உள்ள பால் குழாய்களில் இரவு முழுவதும் நீரழுத்தம் ஏறி நிற்கிறது. வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக்க, அழுத்தம் குறைந்து பால் மெதுவாகவே ஒழுகும். வெட்டு ஏன் இடப்பக்கம் மேலாகத் தொடங்கி வலப்பக்கம் கீழாகச் சாய்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. பால் குழாய்கள் நேர்குத்தாக இல்லாமல் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. அதற்கு எதிர்ச்சாய்வில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். இதையெல்லாம் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை அழைத்து மரத்தடியில் செய்துகாட்டச் சொல்லிவிட்டு, விரிவுரையாளர் பக்கத்தில் நின்று அறிவியலை விளக்கினால் போதும். கையும் கத்தியும் அவருடையது, விளக்கம் இவருடையது. தன் அப்பாவோ சித்தப்பாவோ ஆசிரியராக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது மறக்காது. அரை மணி நேரப் பயணத்தில் உள்ள கோலகங்சாரில், 1877இல் நடப்பட்டவற்றில் எஞ்சியதாகப் போற்றப்படும் பழைய பால்மரம் நில அலுவலகத்துக்கு அருகே இன்றும் நிற்கிறது. பயிற்சித்தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

எச்சரிக்கை இரண்டு. கித்தாப்பாலின் புரதத்துக்குச் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. பலூன் ஊதினால் உதடு தடிக்கிறதா என்று ஒப்புதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தொடாமல் பார்க்கட்டும். இன்னொன்று, பால் பட்ட சீருடை துவைத்தாலும் போகாது. பழைய டீசட்டை போட்டு வரச் சொல்லுங்கள். குழுவின் கடிதத்தில் இந்த இரண்டுமே இல்லை.

சங்குப்பூ மேசை எளிமையாகவும் நன்றாகவும் இருந்தது. பல நாட்டுப் பாடநூல்களில் அமிலம், காரம் காட்டச் சிவப்பு முட்டைக்கோஸ் சொல்லப்படும். இவர்கள் லயத்து வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவை எடுத்தார்கள். 15 பூக்களின் இதழ்களை மட்டும் 100 மில்லி வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடித்தால் கருநீலச் சாறு. பச்சைக் காம்பைச் சேர்த்தால் நிறம் மங்கும். கஸ்தூரி எலுமிச்சைச் சாற்றில் செவ்வூதா, குழாய்த் தண்ணீரில் நீலம், சமையல் சோடாக் கரைசலில் பச்சைநீலம், சோப்புத் தண்ணீரில் பச்சை. காப்பி வடிதாளை இதில் நனைத்து நிழலில் உலர்த்திப் பட்டையாக வெட்டிக் கொடுத்தார்கள், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். சாறு வெயிலில் ஒரு நாளில் கெடும். குளிர்பெட்டியில் 2 அல்லது 3 நாள் தாங்கும்.

அதே பட்டையால் தோட்ட மண்ணைச் சோதித்ததுதான் சரிப்படவில்லை. மண் கலந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக இருந்தது, பட்டையின் நிறத்தை அது மறைத்தது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் வடித்துச் சோதிக்க வேண்டும். ஆகவே இதை 8 மணிக்கே கலந்து வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தாலும் சங்குப்பூ, அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவில் 4.5க்கும் 5.5க்கும் இடையே தெளிவாக வித்தியாசம் காட்டாது. இங்குள்ள மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டதே, எல்லா மாதிரியும் ஏறத்தாழ ஒரே நிறமாகவே நிற்கும். வித்தியாசம் வேண்டுமென்றால் ஈப்போப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து பக்கத்தில் வையுங்கள். அங்கிருந்து ஒரு கல்லும் எடுத்து வந்து அதன்மேல் வினிகர் விட்டால் நுரைக்கும். கிந்தாப் பள்ளத்தாக்கைப் பற்றிய பாடம் அந்த நுரையிலேயே தொடங்கிவிடும்.

ஓடை மேசை பாதியில் நின்ற மேசை. பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையிலிருந்தும், கடைவரிசைக்குப் பக்கத்து லோங்காங்கிலிருந்தும் (சாக்கடைக் கால்வாய்) தண்ணீரும் அடிச்சேறும் எடுத்து வந்து ஒப்பிட்டது நல்ல திட்டம். மாணவர்களைத் தண்ணீரில் இறக்காமல் பெரியவர்களே எடுத்து வந்ததும் சரி. எலிச்சிறுநீர்க் காய்ச்சல் இந்த நாட்டில் உண்மையான ஆபத்து. காலில் சிறு கீறல் இருந்தாலும் கிருமி புகுந்துவிடும். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் சேற்றைக் கொட்டி, தெளிந்த பிறகு பார்த்தபோது ஓடைச் சேற்றில், நல்ல தண்ணீரை நாடும் மேஃபிளைப் பூச்சியின் 3 வால் கொண்ட குஞ்சுகளும், லோங்காங்கில் சிவப்புப் புழுக்களும் தெரிந்தன. சிவப்பு ஏன்? அந்தப் புழுவின் உடலில் நம் இரத்தத்தில் இருப்பதுபோன்ற ஹீமோகுளோபின் இருக்கிறது. உயிர்வளி அரிதான சேற்றில் அதைப் பிடித்துவைத்துக்கொள்ள அது உதவுகிறது. இதுவரை பிரமாதம்.

பிறகு உயிர்வளியை அளக்கும் நிறமாற்றப் பெட்டியை எடுத்தார்கள். அதனோடு வந்த மதிப்பீட்டு அட்டை குளிர்நாட்டுக்காகத் தயாரானது. லிட்டருக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால்தான் "மிக நன்று". ஓடைத் தண்ணீர் 28 பாகை. அந்த வெப்பத்தில் தூய நீர் காற்றிலிருந்து பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய உயிர்வளியே 8க்குச் சற்றுக் குறைவு. உறைநிலைக்கு அருகில் உள்ள நீரில் 14க்கும் மேல் கரையும், சூடேற ஏறக் குறையும். ஆகவே மேஃபிளை வாழும் நல்ல ஓடைக்கு அட்டை "சுமார்" என்று மதிப்பெண் போட்டது. உங்கள் ஓடை கெட்டிருக்கிறது என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் அந்த மேசையை விட்டுப் போனார்கள். இது சிறு பிழை அல்ல. திருத்துவதும் எளிது. தண்ணீரின் வெப்பத்தை முதலில் அளந்து, 26 முதல் 30 பாகைக்கான செறிவளவை அட்டையில் எழுதி ஒட்டி, அதில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று கணக்கிடச் சொல்ல வேண்டும். 28 பாகையில் 7.8 என்று வைத்துக்கொண்டால், 6.2 கிடைத்த ஓடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு.

நத்தையை யாரும் கவனிக்கவில்லை என்பது இன்னொரு வருத்தம். ஊரின் பெயரிலேயே சிப்புட், அதாவது மலாயில் நத்தை, இருக்கிறது, டப்பாவிலும் கூம்புநத்தைகள் கிடந்தன. செவுளால் மூச்சுவிடும் நத்தை எது, நுரையீரல் உள்ளதாகையால் கெட்ட தண்ணீரிலும் மேலே வந்து மூச்சு வாங்கிப் பிழைக்கும் நத்தை எது என்று பிரித்துப் பார்க்கலாம். ஓட்டின் வாயை அடைக்கும் வாய்மூடி உள்ளதா என்பதிலிருந்து தொடங்கலாம். லோங்காங்குச் சுவரில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக்கொத்து தென்னமெரிக்காவிலிருந்து வந்த தங்கநத்தையுடையது. வயலுக்கு அது பகை. நத்தையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். சில நத்தைகள் எலியிலிருந்து வரும் புழுக்களைச் சுமக்கும்.

தொடக்கத்தில் 30 நிமிடம் நடந்த திரவ நைட்ரஜன் காட்சியைக் குறைத்துவிடலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. புகையும், உடையும் பூவும் கைதட்டலை வாங்குகின்றன. அதன் பிறகு ஒரு மாணவரும் கேள்வி கேட்கவில்லை. மறுநாள் வீட்டில் செய்துபார்க்கவும் முடியாது. அந்த 30 நிமிடத்தைச் செம்பனைப் பகுதிக்கு நடந்துபோய் வரக் கொடுத்தால், வழியில் தொட்டாற்சிணுங்கியைப் பிடுங்கி வேர்முடிச்சைப் பிளந்து பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. திரவ நைட்ரஜனைவிட இந்த நைட்ரஜன் தோட்டத்துப் பிள்ளைக்கு நெருக்கமானது. செம்பனைக்கு இடையே படரவிடும் மூடுபயிர்க் கொடிகளும் இதே வேலையைச் செய்கின்றன.

மொழி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 12 பல்கலைக்கழக மாணவர்களில் தமிழ் பேசியவர்கள் 2 பேர். அந்த 2 பேர் நின்ற மேசைகளில் பிள்ளைகள் குறுக்கிட்டுக் கேட்டார்கள், மறுத்துப் பேசினார்கள், "எங்க தோட்டத்துல இப்படி இல்லண்ணே" என்றார்கள். மற்ற மேசைகளில் தலையை ஆட்டினார்கள். மலாயும் ஆங்கிலமும் அவர்களுக்குத் தெரியாமலில்லை. அறிவியலைத் தமிழில் படிக்கும் பிள்ளைக்குச் சந்தேகமும் முதலில் தமிழில்தான் வருகிறது. பயிற்சித்தாளை அந்த 2 மாணவர்களே தமிழில் எழுதலாம். எழுதும்போது பாடநூல் சொல்லையும் வீட்டுச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போடட்டும்: இரப்பர் மரம் – பால்மரம், உறைதல் – கட்டிப்பால், மகரந்தச் சேர்க்கை – தூள் ஊதுதல். பிள்ளை தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும் பாலம் அந்த ஜோடிச் சொற்கள்.

நிகழ்ச்சி முடிவில் 20 நிமிடம் கருத்துப் படிவத்துக்குப் போனது. அறிவியல் பிடிக்குமா, விஞ்ஞானி ஆவீர்களா என்று முகக்குறி வட்டங்கள். காலையிலும் அதே படிவம், மதியமும் அதே படிவம். பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை எழுத அது தேவைதான். ஆனால் பிள்ளை என்ன கற்றது என்பதை அது காட்டாது. "நாளை வீட்டருகே எதை எண்ணிப் பார்ப்பாய், எப்படி எண்ணுவாய்" என்ற ஒரே கேள்வி போதும். பதிலிலிருந்து விரிவுரையாளர் நிறையத் தெரிந்துகொள்வார்.

விட்டுச்சென்றவை ஒரு நற்சான்றிதழ், ஒரு பேனா, ஒரு குழுப்படம். விட்டுச்சென்றிருக்க வேண்டியவை 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் 5, வெப்பமானி 2, நெகிழிப் பைகள் 30, மாதந்தோறும் நிரப்பும் வண்டுக் கணக்குப் படிவம். மழைமாதத்தில் வண்டு குறைகிறதா என்பது ஆராய்ச்சியாளர்களே கேட்கும் கேள்வி. ஒரு பள்ளி ஒரே பகுதியில் ஆண்டு முழுக்க மாதம் ஒருமுறை 3 கதிர் எண்ணினால், அந்த எண்களைப் பல்கலைக்கழகம் பயன்படுத்த முடியும். எண்கள் அங்கே போய், ஒரு வரைபடமாகத் திரும்பிப் பள்ளிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

அழைக்க விரும்பும் பள்ளிகளுக்குச் சில குறிப்புகள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பேராக்கில் பிற்பகல் இடிமழை அதிகம். முதல்நாள் மாலை மழை பெய்தால் ஓடை கலங்கிப் பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும், பால்மரமும் வெட்டியிருக்க மாட்டார்கள். மாற்றுநாள் ஒன்றை முன்பே பேசி வையுங்கள். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்கும்போது களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் கடைசியாக அடித்த தேதியையும் கேளுங்கள், அண்மையில் அடித்த பகுதியில் பிள்ளைகளை இறக்காதீர்கள். உயரமான மரங்களின் கீழ் போகவே வேண்டாம், மட்டையும் குலையும் விழும். எல்லாரும் காலணி, நீளக்காற்சட்டை அணியட்டும். பாலுக்குச் சொல்லி வைக்க வேண்டியவர் பல்கலைக்கழகம் அல்ல, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் உள்ள சிறுதோட்டக்காரர். "புட்டிப்பால் கொண்டுவர வேண்டாம், புதுப்பால் நாங்கள் தருகிறோம்" என்று குழுவுக்கு எழுதிவிடுங்கள்.

எலியை ஒழிக்கக் கூகைக்கு மரப்பெட்டிக் கூடு வைத்திருக்கும் தோட்டம் பக்கத்தில் இருந்தால், ஐந்தாவது மேசை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்கடியில் கூகை கக்கிய உருண்டைகள் கிடக்கும். கையுறையோடு பொறுக்கி, அலுமினியத் தாளில் சுற்றி, ஓவனில் 160 பாகையில் 40 நிமிடம் சுட்ட பிறகு, வெந்நீரில் ஊறவைத்துச் சாமணத்தால் பிரித்தால் எலியின் மண்டையோடு, தாடை, விலா எலும்புகள் முழுதாகக் கிடைக்கும். கறுப்புத் தாளில் பசை போட்டு ஒரு எலும்புக்கூட்டை அடுக்க இரண்டு பேருக்கு 40 நிமிடம் ஆகும். ஓர் உருண்டையில் எத்தனை மண்டையோடு இருந்தது என்பதை மட்டும் மறக்காமல் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.